பங்கா, கூலியா?

கடற்கரை ஊர்களுக்குச் சுற்றுலா வரட்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "ரிட்டயர் ஆன ஆசாமி, எது வந்தாலும் குறைதான் சொல்வான்" என்று நீங்கள் பாதியிலேயே எழுந்து போய்விடக்கூடும். எனக்கு இருப்பது ஒரே ஒரு கேள்வி. சுற்றுலா வந்த பிறகு அந்த ஊர் மீனவர் பங்காளியாக இருக்கிறாரா, கூலியாளாகிவிட்டாரா?

ஊரே சேர்ந்து நடத்தும் சுற்றுலா என்ற பேச்சு இப்போது எங்கும் அடிபடுகிறது. அரசு அறிக்கைகளில் இதற்குச் "சமூகம் சார்ந்த சுற்றுலா" என்று பெயர். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பெயரும் பலகையில் எழுதிய மாத்திரத்தில் உண்மையாகிவிடாது. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கணக்குப் பார்த்தவனுக்குப் பலகையைவிடப் பேரேட்டின் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், தேவிபட்டினத்தையும் உப்பூரையும் தாண்டிக் கடலோரமாகத் திரும்பினால் காரங்காடு வரும். சின்ன மீனவ ஊர். அலையாத்திக் காட்டுக்கு நடுவே படகில் போகலாம். கையால் துடுப்புப் போடும் கயாக்கும் உண்டு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். சாப்பாடு ஊர்ப் பெண்கள் சமைப்பது. சென்ற ஜனவரியில் பழைய வங்கி நண்பர்கள் மூன்று குடும்பமாகப் போய் வந்தோம். தேவிபட்டினத்தில் நவபாஷாணம் பார்த்துவிட்டு, அருளானந்தர் 1693-இல் உயிர் நீத்த ஓரியூருக்கும் போகும் வழியில் இது எங்களுக்கு ஓர் இடைநிறுத்தம், அவ்வளவுதான். ஆனால் ஊர் திரும்பிய பிறகு எல்லோரும் பேசியது இந்த இடைநிறுத்தத்தைப் பற்றித்தான்.

எங்கள் படகை ஓட்டியவர் மீன்பிடிப்பவர். சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களைக் காட்டி, இறாலும் நண்டும் குஞ்சாக இருக்கையில் வளரும் இடம் இதுதான் என்று சொன்னார். "இந்தக் காடு போச்சுன்னா கடல்ல போய் என்னத்தப் பிடிக்கிறது சார்?" என்றார். கடலுக்குப் போவதை விட்டுவிட்டீர்களா என்று என் நண்பர் கேட்டதற்கு, "அதெப்படி விட முடியும்? அதுதான் தொழில். இது மேல்வரும்படி" என்றார். இந்த இரண்டு பதில்களிலும் நான் சொல்ல வந்த விஷயம் பாதி அடங்கிவிட்டது. காடு இருந்தால்தான் மீன். காட்டைப் பார்க்க ஆட்கள் வந்தால் காட்டை வெட்டாமல் வைத்திருக்க இன்னொரு காரணம். சுற்றுலா தொழிலுக்குத் துணையாக நிற்கிறது. தொழிலின் நாற்காலியில் ஏறி உட்காரவில்லை.

மீதிப் பாதியைச் சொல்ல என் பழைய கதை கொஞ்சம் வேண்டும்.

எண்பதுகளில் அதே கடற்கரையில் ஒரு கிளையில் இருந்தேன். ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டத்தில் வலைக்கும் வத்தைக்கும் கடன் கொடுத்த காலம். விண்ணப்பத்தில் "மாத வருமானம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை எப்படி நிரப்புவது என்பதே பெரிய பிரச்சினை. ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்களுக்கு ஏது சார் மாசம்? கடல் குடுத்தா பங்கு, குடுக்கலன்னா பட்டினி. கூலிக்கு நாங்க கடலுக்குப் போறதில்ல." கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன தோரணை இன்னும் நினைவில் இருக்கிறது. அதில் ஒரு கர்வம் இருந்தது. நியாயமான கர்வம்.

கடற்கரைப் பக்கம் பழக்கமில்லாதவர்களுக்காக இதைச் சற்று விரிக்கிறேன். நாட்டுப்படகுத் தொழிலில் கூலி என்ற ஏற்பாடு வழக்கமாகக் கிடையாது. பிடித்த மீனை ஏலம் போட்டு, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. விகிதம் ஊருக்கு ஊர் மாறும். பல ஊர்களில் கோவிலுக்கோ மாதா கோவிலுக்கோ ஒரு பங்கு ஒதுக்குவதும் உண்டு. பங்கு போக ஆளுக்குக் கொஞ்சம் குழம்பு மீன். படகைக் கரையேற்றத் தோள் கொடுத்தவர் கையிலும் இரண்டு மீன் விழும். கரைவலை இழுக்கும் ஊர்களில் யார் எப்போது வலை விடுவது என்பதற்கு முறை வைத்திருப்பார்கள். மீன் நிறையப் படும் இடம் என்று ஒருவரே நிரந்தரமாக வளைத்துக்கொள்ள முடியாது.

எழுத்தில் இல்லாத சட்டம் இது. ஆனால் நான் பார்த்த பல கூட்டுறவுச் சங்கங்களின் துணை விதிகளைவிட ஒழுங்காக நடந்தது. நட்டமும் பங்கு, லாபமும் பங்கு. இன்று வெறுங்கையோடு திரும்பிய ஆள் நாளைக்கும் அதே படகில் உரிமையோடு ஏறுவார்.

இப்படிப்பட்ட ஊருக்குள் சுற்றுலா எப்படி வருகிறது? பெரும்பாலும் வெளியூர் முதலாளி ஒருவர் வருகிறார். கடற்கரையை ஒட்டி நிலம் வாங்குகிறார். விடுதி கட்டுகிறார். "உள்ளூர் ஆட்களுக்கு வேலை கொடுக்கிறோம்" என்கிறார். கொடுக்கவும் செய்கிறார், பொய் சொல்லவில்லை. நேற்று வரை வத்தையில் பங்கு வாங்கியவர் இன்று நீல நிறச் சீருடை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து விடுகிறார். அவர் மனைவி அறைகளைக் கூட்டுகிறார். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. என் விண்ணப்பத்தில் இருந்த அந்தக் கட்டத்தை இப்போது சுலபமாக நிரப்பிவிடலாம்! கையில் மாதாமாதம் ஒரு தொகை வருவதை நான் லேசாக மதிக்கவில்லை. புயல் மாதங்களில் அடுப்பெரியாத வீடுகளைப் பார்த்தவன் நான். ஆனால் பதிலுக்கு என்ன கைமாறியது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். எண்கள் என் கற்பனைதான். ஒரு குடும்பம் கடற்கரை விடுதியில் ஒரு நாள் தங்கி ஐயாயிரம் ரூபாய் செலவு செய்கிறது. அதில் பதிவு செய்து கொடுத்த செயலிக்கு எழுநூறு ரூபாய் கமிஷன். முதலாளியின் வட்டிக்கும் லாபத்துக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறு. காய்கறி, கோழி, மினரல் வாட்டர் எல்லாம் மொத்தமாக நகரத்திலிருந்து வருவதால் ஆயிரத்து இருநூறு. ஊர்க்காரர் சம்பளமாகக் கிராமத்துக்குள் இறங்குவது அறுநூறு. இன்னொரு குடும்பம் ஊருக்குள் ஒரு வீட்டில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, ஊர்ப் படகில் போய் இரண்டாயிரம்தான் செலவு செய்கிறது. அதில் ஆயிரத்து ஐந்நூறு ஊருக்குள்ளேயே சுற்றி வரும்: மீன் விற்றவர், படகுக்காரர், பால்காரர், மளிகைக் கடை. முதல் குடும்பத்தைத்தான் புள்ளிவிவரத்தில் பெரிதாகக் காட்டுவார்கள். இப்படி வெளியே ஓடும் பணத்தைப் பொருளாதாரக்காரர்கள் "கசிவு" என்பார்கள். ஓட்டை வாளியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினோம் என்று பெருமைப்பட்டு என்ன பயன்?

பணத்தைவிடப் பெரிய விஷயம் கரை. மீனவனுக்குக் கடற்கரை காற்று வாங்கும் இடமில்லை. படகு நிறுத்த, வலை காயப்போட, வலை பொத்த, கருவாடு உலர்த்த, ஏலம் போட எல்லாவற்றுக்கும் அதுதான் பட்டறை. ஆனால் பட்டா கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வந்ததே உரிமை. என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் சொன்ன விஷயம் இது. அவர் உறவினர் ஊரில் விடுதி வந்து இரண்டு வருடத்தில், தங்க வந்தவர்கள் கருவாட்டு நாற்றம் என்று புகார் செய்தார்களாம். உலர்த்தும் இடத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லி ஆள் வந்ததாம். பிறகு வேலி. பிறகு "இந்த வழியாகப் போகாதீர்கள்." மீனவ ஊருக்கு வந்து மீன் வாசனை ஆகாது என்பவரை என்ன சொல்ல? மல்லிகைத் தோட்டத்தில் நின்றுகொண்டு வாசனை தூக்கலாக இருக்கிறது என்பது மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது? கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-இல் வந்தது, பிறகு 2011-இல் மாற்றி எழுதப்பட்டது, மறுபடியும் 2019-இல். 2011 அறிவிக்கைப்படி ஊரகப் பகுதிகளில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது என்பது பொது விதி. 2019-இல், சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் நெருக்கமாக வாழும் ஊரகப் பகுதிகளில் இந்தத் தூரத்தை 50 மீட்டராகக் குறைத்தார்கள். மீனவர்களுக்கும் வீடு கட்ட இடம் கிடைக்கும் என்பது ஒரு நியாயம். ஆனால் அந்த 150 மீட்டரில் யார் முதலில் கட்டுவார்கள்? கையில் பணம் உள்ளவர்தான்.

அதே 2019 அறிவிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது. மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள், தங்கள் வீட்டின் அடித்தளப் பரப்பையும் வடிவத்தையும் முகப்பையும் மாற்றாமல், ஹோம்ஸ்டே நடத்தலாம் என்று அனுமதிக்கிறது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் என்றும் அறிவித்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இருக்கும் வீட்டை வைத்தே ஒரு மீனவக் குடும்பம் முதலாளியாக முடியும். ஊர்த் தலைவர்களும் மகளிர் குழுக்களும் படித்துப் பார்க்க வேண்டிய வரி இது. வங்கியில் நுழைந்து கேட்காமல் எதுவும் தானாக வீடு தேடி வராது. இதையும் ஒரு வங்கிக்காரன்தான் சொல்கிறேன்.

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். கடற்கரையோ காயலோ, தண்ணீரை நம்பி வாழும் ஊர்களுக்குப் பக்கத்து மாநிலத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. கேரளாவில் 2008 வாக்கில் "பொறுப்புச் சுற்றுலா" என்று கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் தொடங்கினார்கள். வேம்பநாட்டுக் காயல் கரையில் உள்ள குமரகத்தில்தான் அது நன்றாக வேரூன்றியது. அங்கே செய்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. நட்சத்திர விடுதிகள் வெளியூர்க் காய்கறியை வாங்கிக்கொண்டிருந்தன. ஊராட்சி நடுவில் நின்றது. குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் தரிசு நிலத்தில் காய்கறி போட்டன. விலை நிர்ணயிக்கக் குழு, தரம் பார்க்கக் குழு என்று வைத்து விடுதிகளை வாங்கச் செய்தார்கள். ஆரம்பத்தில் தகராறுகள் இல்லாமல் இல்லை. ஆனால் விலை பேசும் மேசையில் ஊருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. உலக சுற்றுலா அமைப்பின் விருது வரை அந்த முயற்சி போனது. கொச்சிப் பக்கம் கும்பளங்கி இன்னொன்று. சீன வலைகள் நிற்கும் அந்தத் தீவுக் கிராமத்தை மாதிரிச் சுற்றுலாக் கிராமம் ஆக்கியபோது, ஊர் வீடுகளிலேயே விருந்தாளிகளைத் தங்க வைத்தார்கள். வலை இழுப்பதும் கயிறு திரிப்பதுமே காட்சி.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஊர் என்றாலே நல்லது என்று நான் கண்ணை மூடிக்கொள்ளத் தயாராக இல்லை. ஊர் என்றால் யார்? நான் புகழ்ந்த பங்கு முறையில் படகு வைத்திருப்பவருக்குத்தான் இரண்டு பக்கமும் வரும். ஊர்க் கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மீனைத் தலையில் சுமந்து பத்துக் கிலோமீட்டர் நடந்து விற்றது அவர்கள்தான். ஆனால் பங்கு பிரிக்கும் இடத்தில் அவர்கள் பெயர் இல்லை. பிச்சாவரம் பக்கம் இருளர்கள் இருக்கிறார்கள். வலை இல்லாமல் சேற்றுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். அந்தக் காட்டின் ஒவ்வொரு கால்வாயும் அவர்களுக்குத் தெரியும். அங்கே "ஊர்ச் சுற்றுலா" என்று பேசும்போது அவர்களும் அந்த ஊரில் சேர்த்தியா என்று கேட்டே ஆக வேண்டும்.

ஆகவே பழைய பங்கு முறையை அப்படியே கொண்டுவந்து ஒட்டச் சொல்லவில்லை. அதன் நியாயத்தை எடுத்துக்கொண்டு, விட்டுப் போனவர்களைச் சேர்த்து எழுதலாம் என்கிறேன். சமையலுக்கு ஒரு பங்கு, அது பெண்கள் பெயரில். வீடு கொடுத்தவருக்கு ஒரு பங்கு. படகுக்கு ஒன்று, ஓட்டுபவருக்கு ஒன்று. கரையைக் கூட்டிப் பெருக்குவதற்கு ஒன்று. ஊர்ப் பொதுவுக்கு ஒன்று. பள்ளிக்கோ கழிப்பறைக்கோ குடிநீருக்கோ அதிலிருந்து செலவு. மகளிர் குழுக்களை வங்கியோடு இணைக்கும் நபார்டு திட்டம் 1992-இல் தொடங்கியது. அதில் கணக்கு எழுதிப் பழகிய பெண்கள் இல்லாத கடற்கரை ஊர் இன்று அபூர்வம். பேரேட்டை அவர்கள் கையில் கொடுங்கள். மாதா மாதம் வரவு செலவை ஏலக் கொட்டகைச் சுவரில் ஒட்டுங்கள். முதல் போட வெளியாள் வேண்டாம். கடற்கரையில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் கதை எல்லோருக்கும் தெரியும்: பிடித்த மீனை அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும். கூடாரம் போட்டுத் தருகிறேன், படகு வாங்கித் தருகிறேன் என்று வருபவரும் அதே வியாபாரிதான். சட்டை மட்டும் வேறு.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளிக்கூடக் கோடை விடுமுறையும் ஏறக்குறைய அதே சமயம். விசைப்படகில் பங்குக்குப் போகிறவர் வேலை இல்லாமல் இருக்கும் நாட்களில்தான் நகரத்துக் குடும்பங்கள் ஊர் சுற்றக் கிளம்புகின்றன. இதைவிடப் பொருத்தம் ஜோசியர்கூடப் பார்த்துச் சொல்ல மாட்டார். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் வந்தால் மீனும் இல்லை, விருந்தாளியும் இல்லை. அதனால் சுற்றுலாவை மட்டும் நம்பித் தொழிலை விடுவது தற்கொலைக்குச் சமம். கொரோனா காலத்தில் சுற்றுலாவையே நம்பிய ஊர்கள் என்ன பாடுபட்டன என்று பார்த்தோம். கடலை விடாதவர்களுக்கு, விற்க முடிந்ததோ இல்லையோ, குழம்புக்காவது மீன் இருந்தது.

ஆக, ஓர் ஊரில் நடப்பது உண்மையில் ஊர்ச் சுற்றுலாதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து அல்ல. அந்த ஊரால் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ஊரில் ஒரு சாவு, திருவிழா, பறவை முட்டையிடும் பருவம், அல்லது கடலில் மீன் பாடு நன்றாக இருக்கும் நாள். அன்று படகுத்துறையை மூட ஊர் முடிவெடுத்தால் மூட முடியுமா? பங்காளியால் முடியும். கூலியாளால் முடியாது, லீவு கேட்கத்தான் முடியும்.

போகிற நமக்கும் சில கடமைகள் இருக்கின்றன. பாட்டிலையும் பொட்டலத்தையும் திரும்ப எடுத்துவாருங்கள். கரையில் உட்கார்ந்து குடிக்க வேண்டுமென்றால் தயவுசெய்து அங்கே போகாதீர்கள். வலை பொத்துபவரையும் மீன் அரியும் பெண்ணையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். நகரத்து மாலில் முந்நூறு ரூபாய்க்குக் காப்பி குடித்துவிட்டு, இங்கே வந்து நண்டுக் குழம்பில் இருபது ரூபாய் குறைக்கச் சொல்லாதீர்கள். படகில் ஏறும்போது ஓட்டுபவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணே, இந்தச் சீட்டுக் காசு எப்படிப் பிரியும்?"

அவர் விரலை மடக்கி, இதுக்கு இவ்வளவு, அதுக்கு இவ்வளவு என்று விளக்கினால் அடுத்த முறை உறவினர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். "அதெல்லாம் ஆபீஸ்ல கேளுங்க சார், எனக்கு நாள் கூலிதான்" என்றால், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், உங்கள் பணம் அந்த ஊருக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.